யார் கைச் சாண்?

தூத்துக்குடி
4-9-2024

____________ இல்யாசுக்கு,

மேலே கோடு போட்டிருக்கிற இடத்தில் ‘அன்புள்ள’ என்று வரணும். மனசு இன்னும் ஆறவில்லை. ஆறினால் பிறகு வந்து எழுதிக்கொள்கிறேன், இடம் விட்டிருக்கிறேன்.

அடுத்து நலம், நலமறிய ஆவல் என்று எழுதணுமாம். நான் நலம். உன் நலத்தை அறிய எனக்கு இப்போது ஒரு ஆவலும் கிடையாது.

போனில் என் நம்பரை அடைத்தாய். செல்லத்தாய் போனிலிருந்து கூப்பிட்டேன், அதையும் அடைத்தாய். என் பெண்டாட்டி உனக்கு என்ன பாவம் செய்தாள்? பதினோரு வருசமாக நீ வருகிற ஞாயிறெல்லாம் டீயும் முந்திரிக்கொத்தும் கொண்டுவந்து வைத்தது பாவமா? ஐந்தாம் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனைக் கடுதாசி எழுத உட்கார வைத்துவிட்டாய். கயிறு பிடித்த கை, பேனா வழுக்குகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ மறந்தது மாதிரி நடிப்பாய்.

சிவப்பிரகாஷைக் கூட்டிவந்தது நீ. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன், அவனும் நம்மைப் போலப் பொம்மைக் கப்பல் வைத்துச் சண்டை ஆடுகிறவன், கூட்டாளி ரெண்டு பேரோடு நம் ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்றாய். சந்தோசம் என்றேன். கல்யாண வீடு மாதிரி குடோனைக் கூட்டிப் பெருக்கினேன். பலகை மேல் நீலத் தார்ப்பாயைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினேன், கடல் நல்ல கடலாகத் தெரியட்டும் என்று. நடுவில் சிப்பி ஒட்டிய பாறைத் திட்டாக முத்துப் பார், பக்கத்தில் தெர்மாகோல் தீவு. பாரைப் பிடித்தவன் ஜெயித்தவன். உன் பக்கம் பீரங்கிக் கப்பல், என் பக்கம் தோணி. சித்திரையில் ஆரம்பித்த சண்டை, அன்றைக்குத்தான் முடிவு.

என்னிடம் மிஞ்சியது ஒரே தோணி. அதுவும் பாய் கிழிந்தது. உன் பீரங்கி அதையே முறைத்துக்கொண்டு நின்றது. தீவுக்குப் பின்னால் போய்விட்டால் பிழைக்கும், அடுத்த முறை பாரைப் பிடிக்கும். கிழிந்த பாய்த் தோணி ஒரு சாண் போகலாம் என்பது நம் சட்டம். சார்ஜாவிலிருந்து நீ கொண்டுவந்த ஆட்டப் புத்தகத்தில் நாலு இஞ்ச்தான், சாண் கிடையாது. போட்டது யார்? நீ. முதல் வருசம் என் தோணியெல்லாம் நாலு இஞ்ச்சில் நகர்ந்ததே தெரியாமல் நட்ட கட்டை மாதிரி நின்றபோது நீயே மனசு இரங்கிச் சொன்னாய், “பாய் கிழிஞ்சா ஆளு செத்தா போயிட்டான்? துடுப்பு போட்டு ஒரு சாண் போகட்டும் துரை” என்று.

அதன்படி கையை விரித்துச் சாண் போட்டேன். தோணி தீவுக்குப் பின்னால் ஒளிந்தது. உடனே அந்த சிவப்பிரகாஷ், “அண்ணாச்சி, சாண்னா எத்தன இன்ச்?” என்றான். நீ, “இன்னிக்கு என் கையால அளப்போம்” என்றாய். நான் ஏதோ சிரிக்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “சாண்னு எங்கன எழுதியிருக்கு?” என்று கேட்டாய்.

யாரிடம் கேட்டாய்? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனிடம். அதுவும் வெளியாட்கள் முன்னால். நம் சட்டத்தில் ஒன்றாவது எழுத்தில் உண்டா? எல்லாம் வாயால் பேசி, நீ பாதி விட்டு நான் பாதி விட்டு வந்தது. கயிறு வாங்க வருகிற லாரிக்காரன்கூட ‘அண்ணாச்சி சொன்னாச் சரி’ என்கிறான். நீ எழுத்துக் கேட்கிறாய். புத்தகத்தில் நாலு இஞ்ச்தான் என்று காட்டிவிட்டு, கப்பலைக்கூட எடுக்காமல் எழுந்து போனாய்.

மேசை அப்படியே கிடக்கிறது. ஒன்றையும் தொடவில்லை, பூனை வராமல் கதவைச் சாத்தியிருக்கிறேன். ஆனால் ஆயுத பூஜைக்கு முந்தி தார்ப்பாய் லோடு வந்துவிடும். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை மூட உப்பளக்காரர்கள் வந்து நிற்பார்கள். அப்போது குடோனில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்குள் வந்து ஆட்டத்தை முடி. ஒரு தடவை கலைத்தால் மறுபடி நாம் போடப் போவதில்லை, அது உனக்கும் தெரியும். வராவிட்டால் உன் கப்பல்களைச் சாக்கில் கட்டிக் காயல்பட்டினம் பஸ்சில் ஏற்றிவிடுவேன். கண்டக்டர் கேட்டால் கருவாடு என்பேன்.

இப்படிக்கு,
சூடு குறையாத
ராஜதுரை


காயல்பட்டினம்
9-9-2024

அன்புள்ள துரைக்கு,

நீ எழுதாத வார்த்தையை நான் எழுதிவிட்டேன். பழக்கம். அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே.

‘நான் ஏதோ சிரிக்கச் சொன்னேன்’ என்று ஒரு வரியில் தாண்டிவிட்டாய். அந்த ‘ஏதோ’ என்ன என்று எழுதக் கை வரவில்லையா? நான் எழுதுகிறேன். “ஒன் கையில எங்கடே சாண் இருக்கு? முக்காச் சாண்தான் இருக்கு. விரலை சார்ஜாவுல விட்டுட்டு வந்து இங்கன கணக்குக் கேக்கான்” என்றாய்.

நான் வேலை பார்த்த பெயர்ப்பலகைக் கடையில் அறுக்கிற மிஷினில் போன விரல் அது. சுண்டுவிரல்தானே என்று நீ நினைக்கலாம். என் உம்மா அந்தக் கையைப் பார்க்க வேண்டாம் என்று ஊருக்கு வந்த முதல் மாதம் முழுக்கத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சோறு தின்றவன் நான். உன் எதிரில்தான் முதன்முதலாக மேசை மேல் இரண்டு கையையும் வைத்தேன். அன்றைக்கு அந்தக் கையைக் காட்டியே மூன்று பேரைச் சிரிக்க வைத்தாய். அதில் ஒருவன் மரியாதைக்காக இருமுவது போலத் திரும்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. உன் தோணிக்குச் சாண் போட்டது உன் கை. என் கப்பலுக்குப் போட்டது என் கை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். ஆரம்பத்திலிருந்தே கிழிந்த பாயோடு உன் தோணி என் கப்பலைவிட அதிகம் ஓடியிருக்கிறது. வாயால் பேசி வந்த சட்டம் என்கிறாய். யார் வாய்? நான் ஒன்று சொல்ல வாய் திறப்பேன். நீ ஒரு கேலி விடுவாய். நானும் சிரித்துவிடுவேன். சிரித்தவன் பிறகு எப்படி மறுத்துப் பேசுவது? உனக்கு அது பேசித் தீர்த்தது. எனக்கு அது வாயடைத்தது.

இந்த ஆட்டத்துக்கென்று சார்ஜாவில் நான் போன கடையில் ஆடியவர்கள் நாலு நாட்டுக்காரர்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது. ஆட்டம் தொடங்குமுன் மேசையைச் சுற்றி நடப்பார்கள். இந்த மேடு மறைக்குமா, இந்தத் தண்ணீர் ஆழமா என்று கையைக் காட்டிக் கேட்பார்கள், இருவரும் தலையாட்டிய பிறகுதான் பகடையைத் தொடுவார்கள். அதற்கும் மேல் சந்தேகம் வந்தால் புத்தகம். எழுத்து உன் போன்றவனை அவமானப்படுத்த வந்ததாக நினைக்கிறாய். பேச வராதவனுக்கு அது ஊன்றுகோல். அன்றைக்கு எனக்கு வேறு கோல் கிடைக்கவில்லை.

வரமாட்டேன். கப்பல்களைப் பஸ்சிலேயே அனுப்பு. பாய்மரங்களைத் தனியாகத் துணியில் சுற்று, ஒட்டியது விட்டுவிடும்.

இல்யாஸ்


தூத்துக்குடி
13-9-2024

ஏலே இல்யாசு,

உன் கடுதாசியை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது, நான் கொதித்துவிட்டேன்.

கேலி பண்ணினேன், ஆமாம். நான் யாரைத்தான் விட்டேன்? என் தொப்பையை நான் பண்ணாத கேலியா? செல்லத்தாயின் குறட்டையை உனக்கு நடித்துக் காட்டவில்லையா, நீ விழுந்து விழுந்து சிரிக்கவில்லையா? என் மைத்துனன் செல்லப்பாண்டிக்கு வழுக்கை விழுந்ததும் ‘ஹெலிகாப்டர் இறங்கலாம்’ என்று சொன்னது யார்? நீ! அப்போது மட்டும் நாக்கு நல்லா வேலை செய்ததே.

சரி, விரல் வேறு, வழுக்கை வேறு. அது தெரியாத மடையன் இல்லை நான். சொன்னவுடனே உன் முகத்தைப் பார்த்தேன், அது ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் நான் கேட்கிறேன், இந்தச் சாண் கணக்கை ஏன் இத்தனை வருசம் வாயைத் திறந்து சொல்லவில்லை? உன் கப்பல் குறைவாக ஓடியது, என் தோணி அதிகம் ஓடியது, நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு வார்த்தை, “துரை, இது சரியில்லடே” என்று ஒரே ஒரு வார்த்தை! சொன்னால் நான் சிரிப்பேனாம். சிரித்தால் என்ன, கடித்தா விடுவேன்? மேலே சிரித்துக்கொண்டு உள்ளே நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்தாய். உப்பும் உறைப்பும் நன்றாக ஏறிய பிறகு, வெளியாள் வந்த அன்றைக்குப் பார்த்து ஜாடியைத் திறந்தாய்.

நான் ஏமாற்றினேன் என்று சொல்லு, கேட்டுக்கொள்கிறேன். தெரியாமல் ஏமாற்றினேன். நீ தெரிந்தே விட்டுக்கொடுத்தாய். விட்டுக்கொடுக்கிறவன் என்று நான் உன்னை மெச்சிக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய். பேசித் தீர்க்கிற ஆட்டத்தில் பேசாமல் இருக்கிறவனும் கள்ள ஆட்டம்தான் ஆடுகிறான். இதை உன் புத்தகத்தில் எழுதிக்கொள். எழுத இடம் இல்லை என்றால் அட்டையில் எழுது.

இன்னும் ஒன்று. நீ போன பிறகு சிவப்பிரகாஷ் என்ன கேட்டான் தெரியுமா? “அவிய எப்பவும் இப்படித்தானா அண்ணாச்சி?” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு, “எவியளப் பத்திக் கேக்க? அவன எனக்குத் தெரியும், ஒன்னத்தான் தெரியாது” என்று சொல்லி அவனையும் விரட்டிவிட்டேன். போதுமா? இப்போது ஆட ஒருத்தரும் இல்லை.

மேசை இருக்கிறது. வரப் போகிறாயா இல்லையா?

ராஜதுரை


காயல்பட்டினம்
20-9-2024

துரை,

பேசவில்லை என்கிறாய். அன்றைக்கே பேசினேன்.

முடியாத வழக்குக்கு நமக்கு ஒரு வழி உண்டு, ஞாபகம் இருக்கிறதா? இடம் மாறுவது. நான் உன் நாற்காலியில் உட்கார்ந்து உன் வழக்கைப் பேசணும். நீ என் நாற்காலியில் உட்கார்ந்து என் வழக்கைப் பேசணும். எதிராளிக்காகச் சொல்ல ஒரு நியாயமும் கிடைக்காதவன் தோற்றவன். அதுவும் எழுதாத சட்டம்தான். நம் சட்டங்களிலேயே நல்லது அதுதான்.

விரல் பேச்சுக்குப் பிறகும் நான் எழுந்து நின்று, “இடம் மாறுவோம் துரை” என்றேன். எழுத்துக் கேட்டது அதற்கும் பிறகுதான். நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இந்தத் தொப்பையத் தூக்கிட்டு எவன் எந்திரிப்பான்? இருந்த எடத்துலயே ஒனக்காகப் பேசுதேன்னு வச்சுக்கோ” என்றாய். மறுபடியும் சிரிப்பு.

அன்று மட்டும் இல்லை. எத்தனையோ தடவை நான் உன் பக்கம் வந்து நின்று உனக்காகப் பேசியிருக்கிறேன். நீ ஒரு தடவைகூட எழுந்து என் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாயே, இதையும் எண்ணியிருக்கிறேன். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

மேசையைக் கலைத்துவிடு. லோடு முக்கியம்.

இல்யாஸ்


தூத்துக்குடி
6-10-2024, ஞாயிறு

அன்புள்ள இல்யாசுக்கு,

இந்தக் கடுதாசியில் கேலி வராமல் எழுதப் பார்க்கிறேன். வந்தால் தாண்டிப் படி.

லோடு நேற்றே வந்துவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் சாக்கும் சணலும் எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனேன், உன் கப்பல்களைக் கட்டத்தான். முதலில் உன் பக்கத்துக் கப்பலை எடுப்போம் என்று சுற்றி வந்தேன். குனிந்தால் மூச்சு வாங்கியது. உன் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கண்ணில் பளார் என்று வெயில் அடித்தது.

பின்கதவு மேற்கே பார்த்தது. நாம் ஆடுகிற நேரத்துக்கு வெயில் நேராக அந்த நாற்காலிக்குத்தான் வருகிறது. இஞ்ச் டேப்பை எடுத்துப் பார்த்தேன், எழுத்து தெரியவில்லை, கண்ணில் நீர் வடிந்தது. கையால் மறைத்துக்கொண்டு எதிரே என் நாற்காலியைப் பார்த்தேன். வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு உருவம் மாதிரி நாற்காலி மட்டும் நின்றது.

செல்லத்தாயைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்காரச் சொன்னேன். “ஏளா, கொஞ்சம் சிரி” என்றேன்.

“லோடை எறக்கி வச்சிருக்க லட்சணத்துக்குச் சிரிப்பு ஒண்ணுதான் கொறச்சலு” என்றாள். பிறகு அதற்கே சிரித்தாள். அவள் மூஞ்சி தெரியவில்லை, இல்யாசு. கண்ணு, வாயி, எதுவும் தெரியவில்லை. கறுப்பாக ஒன்று ஆடுகிறது, சத்தம் மட்டும் வருகிறது. கட்டின பெண்டாட்டி சிரிப்பு எனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு நிமிசம், இவள் என்னோடு சிரிக்கிறாளா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று விளங்கவில்லை.

இதைத்தானே நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஊர் உப்பையெல்லாம் மூடத் தார்ப்பாய் விற்கிறவன் நான். அந்தக் கதவில் ஒரு துண்டு கட்டணும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாது, முதுகில் அடித்த வெயில் எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. இப்போது கட்டிவிட்டேன்.

எழுந்து வராமல் அப்படியே உன் வழக்கைப் பேசினேன், சத்தமாகவே. செல்லத்தாய்தான் கோர்ட்டு. சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு தோணிக்குச் சாண் போட்டேன். தீவுக்குப் பின்னால் அது முழுக்கப் போகவில்லை. பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, பீரங்கிக்கு நல்லாத் தெரிகிறது. உன் வழக்கில் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒன்று என்று சொன்ன சட்டத்தை இரண்டு கையால் அளந்தால் அது ஒரு சட்டம் இல்லை. அந்தக் கையைச் சொல்லிச் சிரித்தவனோடு நானாக இருந்தாலும் ஆடமாட்டேன். இதற்கு மேல் உனக்காகப் பேச எனக்குப் படிப்புப் போதாது.

ஆனால் என் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘எங்கன எழுதியிருக்கு’ என்று நீ கேட்டது இன்னும் நெஞ்சில் மீன்முள் மாதிரி நிற்கிறது. அதை எடுக்க எனக்குத் தெரியவில்லை. உன் வீட்டில் எந்த நாற்காலியாக இருந்தாலும் சரி, அது என் நாற்காலி என்று நினைத்து உட்கார். உட்கார்ந்து பேசிப் பார்.

மேசையைக் கலைக்கவில்லை. லோடை நடு வீட்டில் இறக்கிவிட்டேன். செல்லத்தாய் கட்டுமேல் ஏறி இறங்கித்தான் அடுக்களைக்குப் போகிறாள். அவள் திட்டுகிற திட்டில் பாதி உன் பங்கு, வந்து வாங்கிக்கொள்.

முதல் கடுதாசியில் கோடு போட்டு விட்ட இடத்தை நீயே நிரப்பிக்கொள்.

ராஜதுரை


காயல்பட்டினம்
9-10-2024

அன்புள்ள துரைக்கு,

ஏன் மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தனியாகப் பேசுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரி ஜெய்னம்பு கேட்டாள். வழக்கு என்றேன்.

உன் இடத்திலிருந்து பேசினேன். எழுதத் தெரிந்தவன், தெரியாதவனைப் பார்த்து எழுத்து எங்கே என்று கேட்டால் அது கேள்வி இல்லை. கதவைச் சாத்துவது. அதுவும் நானே வாயால் கொடுத்த சாண். கொடுத்தவனே எழுத்துக் கேட்டால் வாங்கியவன் எங்கே போவான்? வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன். நீ விரலைச் சொன்னாய், நான் உன் ஐந்தாம் கிளாசைச் சொன்னேன். வித்தியாசம், உன் குத்து எல்லாருக்கும் கேட்டது, என் குத்து உனக்கு மட்டும்தான் கேட்டது.

வெயிலைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் தப்பு, நார்த்தங்காய் தப்பு.

சாண் இருக்கட்டும். நாலு இஞ்ச் வேண்டாம். ஆனால் இனிமேல் உன் தோணிக்குச் சாண் போடுவது என் கை. என் கப்பலுக்குப் போடுவது உன் கை. யாரும் தன் படகைத் தானே அளக்கக் கூடாது. அந்தக் கடைசித் தோணிக்கும் இதுதான். என் கை எவ்வளவு விரியும் என்று இப்போது சொல்லமாட்டேன். விரிக்க நினைத்தால் கொஞ்சம் விரியும். நினைப்பேனா என்பதை மேசையில் பார்.

ஆயுத பூஜைக்கு ஊசி, கத்திரி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாய். என் கப்பல்களுக்கு வைத்துவிடாதே, பெயிண்ட் போய்விடும். அடுத்த ஞாயிறு மூன்று மணி பஸ்சில் வருகிறேன். ஆட மட்டும்தான். எனக்கும் கோபம் போகவில்லை, டீ குடிக்கமாட்டேன். முந்திரிக்கொத்தைப் பற்றி அங்கே வந்து முடிவு செய்கிறேன்.

சட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எங்கே எழுதியிருக்கிறது என்று நாளைக்கு நானே கேட்டாலும் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்கக் கூடாது.

இல்யாஸ்